வெறுவயிற்றுக் குளிசை

மெலிந்து போவது ஒரு நோயாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாற்பதைக் கடந்த யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி, மூன்று நேரமும் புட்டும் சோறும் இடியப்பமுமாக வெளுத்துக் கட்டிக்கொண்டே இடுப்புக் குறைந்து வருகிறாள் என்றால், அம்மன் கண் திறந்துவிட்டாள் என்றுதான் நினைப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அலுமாரியின் அடித்தட்டில் கிடந்த பழைய சாறிச் சட்டைகள் திரும்பவும் ஏறின. கலியாண வீடுகளில், "என்ன ரீச்சர், டயற்றோ?" என்று கேட்டவர்களுக்கு, "சாப்பாட்டில கொஞ்சம் கவனம்" என்று அடக்கமாகப் பதில் சொன்னேன். அதைச் சொல்லும்போது கையில் இருந்தது இரண்டாவது லட்டு.

கை நடுங்கியதை வயதின் கணக்கில் போட்டேன். நெஞ்சு படபடத்ததைத் தவணைப் பரீட்சைத் தாள்களின் கணக்கில் போட்டேன். மார்கழியிலும் விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு இவரைப் போர்வைக்குள் சுருள வைத்ததற்கு ஒரு கணக்கும் தேவைப்படவில்லை. வீட்டில் விசிறி என் ஆட்சியில்தான் இருந்தது. மாதவிடாயும் மெலிந்தது. நாட்கள் குறைந்தன, பிறகு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது, பிறகு ஒரு மாதம் வராமலே விட்டது. இதையும் இலாபப் பக்கத்தில்தான் எழுதினேன். நப்கின் விற்கிற விலைக்கு அது சின்ன இலாபமா?

தைரொயிட் அளவுக்கு மிஞ்சிச் சுரந்தால் எடை இறங்கும், நெஞ்சு ஓடும், வெக்கை தாங்காது, மாதவிடாய் சுருங்கும் அல்லது தள்ளித் தள்ளிப் போகும். இதெல்லாம் தெரியாத பெண்ணாக இருந்தால் மன்னிக்கலாம். நான் பத்தாம் பதினோராம் வகுப்புகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அகஞ்சுரக்கும் சுரப்பிகளின் படத்தில் தைரொயிட்டின் அம்புக்குறி அரை அங்குலம் தள்ளிப் போனாலும் புள்ளி வெட்டுகிறவள்.

கண்டுபிடித்தது அம்மா. செம்பைத் தூக்கி அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். "பிள்ளை, இன்னொருக்கா விழுங்கு பாப்பம்" என்றா. விழுங்கினேன். "உன்ர கழுத்தில ஏதோ ஏறி இறங்குதடி." விழுங்கும்போது கூடவே மேலே ஏறுகிற கட்டி என்றால் தைரொயிட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும், மருத்துவ மாணவர்கள் கழுத்தைத் தொட்டுப் பார்க்கப் பழகும்போது நோயாளியிடம் ஒரு குவளை தண்ணீரைக் கொடுப்பது இதற்காகத்தான். அம்மா படித்தது எட்டாம் வகுப்பு.

இரத்தப் பரிசோதனை, ஸ்கான், ஊசியால் குத்தித் துளி எடுத்துப் பார்ப்பது என்று ஒவ்வொன்றாக நடந்தது. பல கட்டிகள். புற்று இல்லை. ஆனால் சுரப்பது மிகக் கூடுதல், ஒரு பக்கம் மூச்சுக்குழாயை நெரிக்கிறது. கார்பிமசோல் குளிசையால் முதலில் சுரப்பை அடக்குவது, பிறகு சுரப்பியை முழுதாக எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று.

இந்த இடத்தில் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2011இல் தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை, நாட்டின் தென்கோடியிலிருந்து வடகோடிக்கு, 27 நாள் நடந்து பணம் சேர்த்தார்கள். அந்தப் பணத்தில்தான் எங்கள் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழும்பியது. மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பஸ் ஏறி, தெரியாத ஊரில் வாடகை அறை தேடி அலைந்த வடக்குச் சனத்துக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு குடாநாட்டில் "தெல்லிப்பழைக்குப் போறாவாம்" என்று யாராவது குரலைத் தாழ்த்தினால் அதற்கு அர்த்தம் வேறாகிவிட்டது. நானோ தெல்லிப்பழையில் பிறந்து, தெல்லிப்பழையில் வாழ்க்கைப்பட்டவள். எங்கே போனாலும் பொழுதுபட்டால் தெல்லிப்பழைக்குத்தான் போக வேண்டும். கோண்டாவில் சின்னம்மா தொலைபேசியில் விக்கி விக்கி அழுதா.

"கழுத்தில கட்டியாம், தெல்லிப்பழையில நிக்கிறியாம், ஒரு சொல்லுச் சொல்லேல்லையே பிள்ளை."

"சின்னம்மா, நான் வீட்டில நிக்கிறன். அது புற்றுநோய் இல்லை."

"ஓம் ராசாத்தி, அப்பிடித்தான் முதல்ல சொல்லுவினம்."

சத்திரசிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மயக்கினார்கள், எழுப்பினார்கள். அதற்கு முன் ஏதாவது கேட்க வேண்டுமா என்று சத்திரசிகிச்சை நிபுணர் பொறுமையாகக் கேட்டபோது, விஞ்ஞான ஆசிரியை கேட்ட ஒரே கேள்வி: "தழும்பைத் தாலிக்கொடி மறைக்குமோ டொக்டர்?" சுரப்பிக்குப் பின்னால் ஓடும் குரல் நரம்பு, அதன் முதுகில் ஒட்டிக்கிடக்கும் நாலு குட்டிப் பரதைரொயிட்டுகள், அவை பழுதுபட்டால் இரத்தத்தில் கல்சியம் இறங்குவது என்று அவர் விளக்கிக்கொண்டு போனார். நான் கொடியின் நீளத்தை மனதில் அளந்துகொண்டிருந்தேன். "விரல் நுனியோ உதட்டைச் சுற்றியோ விறைச்சால் உடன கூப்பிடுங்கோ" என்று விடுதியில் மிஸ்ஸி சொல்லிவிட்டுப் போனா. அன்றிரவே விரல் விறைத்தது. சுகம் விசாரித்தவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் விழுந்து விழுந்து பதில் எழுதியதால்தான் என்று முடிவுகட்டி, போனை வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் உதடும் விறைத்த பிறகுதான் வாயைத் திறந்தேன். கல்சியம் இறங்கியிருந்தது. மிஸ்ஸி என்னை ஒரு பார்வை பார்த்தா. நான் வீட்டுவேலை செய்யாத பிள்ளைகளைப் பார்க்கிற அதே பார்வை.

வீட்டுக்கு வரும்போது தைரொக்சின் குளிசை, கல்சியம் குளிசை, கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்த ஒரு துண்டு. தைரொக்சினைக் காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டும் என்று வாயாலும் சொன்னார்கள், துண்டிலும் இருந்தது. அதற்குக் கீழே இருந்த வரிகளை நான் வாசிக்கவில்லை. "கேள்வியை முழுக்க வாசிச்சிட்டு விடை எழுதுங்கோ" என்று ஒவ்வொரு பரீட்சை மண்டபத்திலும் கத்துகிற அதே ஆள்.

வெறும் வயிறு என்றால் சாப்பாடு இல்லாத வயிறு. தேத்தண்ணி சாப்பாடா? தேத்தண்ணியைச் சாப்பாட்டில் சேர்க்கிற ஒரு மனிசரை எங்கள் பக்கத்தில் காட்டுங்கள் பார்ப்போம். காலை ஐந்து மணிக்கு, பால்மா இரண்டு கரண்டி கூடவே போட்டு, ஆற்றி, நுரை தள்ளிய தேத்தண்ணியோடு தைரொக்சினை விழுங்கினேன். கல்சியத்தையும் அதோடு போட்டுவிட்டால் பிறகு மறக்க வழியில்லை என்பதால் அதையும் விழுங்கினேன். ஒழுங்கான ஆள் என்று என்னை நானே மெச்சியும் கொண்டேன்.

இந்தக் குளிசையின் குணம் என்னவென்றால், பிழை விட்டால் உடனே அடி விழாது. உடம்பில் உள்ள தைரொக்சின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் எடுக்கும். ஆகவே கிழமைக்கணக்கில் எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது என்ற நினைப்பிலேயே ஆள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டு போகலாம். நான் இறங்கினேன். போர்வை இப்போது என் பக்கம் வந்தது, விசிறி இவரின் ஆட்சிக்குப் போனது. தோல் வறண்டது. பழைய சட்டைகள் மறுபடி அடித்தட்டுக்குப் போயின. வகுப்பில் ஒரு பெயரைக் கூப்பிட வாயெடுத்து, பெயர் வராமல், "நீர், அந்த யன்னல் கரையில இருக்கிறவர்" என்று சமாளித்தேன்.

மாதவிடாய் முதலில் பிந்தியது. பிறகு வந்தது. வந்தது போகவில்லை.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் கூச்சப்பட்டு நான் கண்ட பலனைத்தானே எழுதிக்கொண்டிருக்கிறேன். கடும் நிறச் சாறிகள் மட்டும் உடுத்தினேன். வகுப்பில் கதிரையில் இருப்பதை விட்டேன். எழும்பும்போது திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு நாள் பாடம் முடிந்து கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தபோது, பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பக்கத்தில் வந்து, "ரீச்சர், நான் உங்களுக்குப் பின்னாலேயே வாறன்" என்று மெல்லச் சொன்னாள். சுவரில் தொங்கிய சமிபாட்டுத் தொகுதி விளக்கப்படத்தைக் கழற்றி, சுருட்டப் போகிறவள்போல் விரித்துப் பிடித்தபடி, ஆசிரியர் அறை வரைக்கும் எனக்குப் பின்னால் வந்தாள். எதிரே வந்த அதிபர், "பரவாயில்லையே, பிள்ளையள் உதவி செய்யுதுகள்" என்றார். இரைப்பையும் ஈரலும் சிறுகுடலும் என் மானத்தைக் காத்து நடந்த அந்தத் தாழ்வாரம் அவ்வளவு நீளம் என்று அதற்கு முன் நான் கவனித்ததில்லை.

அப்போதும் டொக்டரிடம் சொல்லத் தோன்றவில்லை. கழுத்தில் வெட்டியதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? நானாகவே நோயைக் கண்டுபிடித்தேன்: மாதவிடாய் நிற்கிற வயது. நிற்பதற்கு முன் இப்படித்தான் ஒரு ஆட்டம் ஆடும். கண்டுபிடித்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்துக் கதிரை ரீச்சர், என்னைவிட நாலைந்து வயது இளையவ, தனக்கும் கூடுதலாகப் போகிறது என்று ஒருநாள் சொன்னா. அவவை இருத்திவைத்து ஒரு முழுப் பாடவேளை விளங்கப்படுத்தினேன். இது வயதுக்கோளாறு, பயப்பட ஒன்றுமில்லை, எள்ளுருண்டை சாப்பிடும், எல்லாம் ஒழுங்காகும் என்றேன். எள்ளுச் சாப்பிட்டால் இன்னும் கூடப் போகும் என்றுதான் அம்மாவும் அம்மம்மாவும் காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள் என்பது வீட்டுக்கு வந்த பிறகே ஞாபகம் வந்தது.

இதற்கிடையில் பத்தியம் ஒன்றும் கடுமையாகக் காத்தேன். தைரொயிட்காரர் கோவா சாப்பிடக்கூடாது என்றா மச்சாள். மரவள்ளி தொடவே கூடாது என்றா மாமி. முட்டைக்கோவாவை விடுவதில் எனக்கு ஒரு கவலையும் இல்லை. மரவள்ளியை விடுவது அப்படியல்ல. மரவள்ளி இல்லாத ஒடியல் கூழ் ஒரு கூழா? வீட்டில் எல்லோரும் பிலா இலையைக் கோலிக்கொண்டு கூழைச் சுற்றி இருக்க, நான் தள்ளியிருந்து பாண் சாப்பிட்டேன். கோவாவிலும் மரவள்ளியிலும் உள்ள சில பொருட்கள் தைரொயிட் சுரப்பி அயடீனை எடுத்துப் பயன்படுத்துவதைக் குழப்பலாம் என்பது உண்மை. அதற்கு முதலில் சுரப்பி இருக்க வேண்டும். என்னுடையதை வெட்டி எடுத்துப் போத்தலில் போட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பி எவ்வளவோ காலமாகிவிட்டது. இல்லாத சுரப்பிக்குப் பத்தியம் காத்துக்கொண்டு, இருக்கிற குளிசையைத் தேத்தண்ணியில் கரைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். 1990இல் யுத்தத்தால் எங்கள் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தபோது நான் சிறுமி. எங்களைப் போலப் பல குடும்பங்கள் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், சாறிகளைக் கட்டி மறைத்த அறைகளில். அங்கேதான் நான் பெரியபிள்ளையானேன். சாமத்திய வீடு இல்லை, பந்தல் இல்லை. சவர்க்காரம்கூட அரிதான காலம். துணியைத் தோய்த்து, மற்றத் துணிக்கு அடியில் ஒருவர் கண்ணிலும் படாமல் காய வைப்பது எப்படி என்று அம்மா காதுக்குள் சொல்லித் தந்தா. பல குடும்பம் புழங்குகிற இடத்தில் அதை மறைத்துவைப்பது ஒரு திறமை. அந்தத் திறமையில் நான் முதலாம் பிள்ளை. ஊர் திரும்பி, வீடு கட்டி, வாசலில் கதவும் போட்ட பிறகும் அந்தத் திறமையை விடத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் துர்க்கையம்மன் கோயிலில் காணவில்லையே என்று அயலில் கேட்டால், "தோட்டத்தில வேலை" என்றேன். எங்கள் வீட்டில் தோட்டமே இல்லை. இரண்டு கறிவேப்பிலை மரம்.

களைப்புத் தாங்காமல் போனபோது பாமசியில் இரும்புச்சத்துக் குளிசை வாங்கினேன். அதையும் எப்போது போடுவது? வேறு எப்போது, ஐந்து மணித் தேத்தண்ணியோடுதான். தைரொக்சின், கல்சியம், இரும்புச்சத்து, பால்மா, சாயம். தைரொக்சின் குடலில் இரத்தத்துக்குள் உறிஞ்சப்படுவதைக் கெடுக்கக்கூடியவை எவையெவையென்று யாரிடமாவது பட்டியல் கேட்டிருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக ஒரு கோப்பையில் சேர்த்திருக்க முடியாது. இரும்பும் கல்சியமும் தைரொக்சினோடு பிணைந்து அதை உள்ளே போகவிடாமல் தடுக்கும். இடையில் 4 மணித்தியாலமாவது வேண்டும். ஆக, இரத்தம் போவதால் இரும்புச்சத்துப் போட்டேன். இரும்புச்சத்து தைரொக்சினைத் தின்றது. தைரொக்சின் குறைந்ததால் இரத்தம் இன்னும் போயிற்று. வாளியின் ஓட்டையை அடைக்கத் துலாக்கயிற்றிலிருந்தே இழை பிரித்தவள் நான்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு கிளினிக்குக்கு முதல் முறை போனபோதே ஒரு சோதனை காத்திருந்தது. மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த இளம் டொக்டர் எழும்பி நின்றான். இல்லை, நின்றார். "ரீச்சர்! உங்களிட்டத்தான் நான் ஓ.எல். விஞ்ஞானம் படிச்சனான்." எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் கழுத்தைப் பார்த்தார், நாடி பார்த்தார், பிறகு, "மாதவிடாய் எல்லாம் ஒழுங்கோ ரீச்சர்?" என்று கேட்டார். காற்சட்டையில் மை கொட்டிக்கொண்டு வந்து நின்ற பெடியன் என்னிடம் இதைக் கேட்கிறான். "ஓம் ஓம், எல்லாம் ஒழுங்கு" என்றேன். அப்போது நான் உடுத்தியிருந்தது கறுப்புச் சாறி.

அடுத்த முறை இரத்தப் பரிசோதனை முடிவோடு போனேன். வாங்கில் பக்கத்தில் இருந்தது ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை. தைரொயிட் புற்று, எடுத்தாயிற்று. கதிரியக்க அயடீன் கொடுப்பதற்காகக் குளிசையைச் சில கிழமை நிறுத்தியபோது தனக்கு மாதவிடாய் தாறுமாறாகிப் போனதை, வாங்கு முழுக்கக் கேட்கும்படி எனக்குச் சொன்னாள். அயடீனுக்குப் பிறகும் சிலருக்குச் சில மாதம் தவறலாமாம், பிறகு தானாக வருமாம், கலியாணம் கட்டினாலும் 6 மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை பிள்ளைக்கு அவசரப்படக்கூடாதாம். "உங்களுக்கு எப்பிடி அன்ரி?" என்றாள். "எனக்கு எல்லாம் ஒழுங்கு" என்றேன். என் வயதில் பாதியும் இல்லை அவளுக்கு.

உள்ளே, டொக்டர் முடிவைப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார். ரீ.எஸ்.எச். நாலுக்குள் இருக்க வேண்டியது, இருபதைத் தாண்டியிருந்தது. இரத்தத்தில் ஈமோகுளோபின் பன்னிரண்டாவது இருக்க வேண்டியது, எட்டுக்குப் பக்கத்தில் நின்றது.

"குளிசையை ஒழுங்காப் போடுறீங்களோ ரீச்சர்?"

"ஒரு நாள் விடேல்லை."

"எதோட போடுறீங்கள்?"

"தேத்தண்ணியோட."

"வேற குளிசை ஏதும்?"

"கல்சியம். இரும்புச்சத்து."

"இரும்புச்சத்து நாங்கள் தரேல்லையே. ஏன் போடுறீங்கள்?"

நான் மேசையில் இருந்த முத்திரைக் கட்டையைப் பார்த்தேன். கதவடியில் கொப்பி அடுக்கிக்கொண்டிருந்த வயதான மிஸ்ஸி திரும்பாமலே கேட்டா: "ஏன் பிள்ளை, கூடப் போகுதோ?"

"ஓம் மிஸ்ஸி" என்றேன். அவ்வளவுதான். மாதக்கணக்காகப் பொத்திவைத்திருந்த இரகசியம் இரண்டு சொல்லில் முடிந்தது.

டொக்டர் துண்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து விளங்கப்படுத்தினார். தைரொயிட் ஓமோன் குறையும்போது மூளையின் அடியிலிருந்து "சுர, சுர" என்று கட்டளை கூடுகிறது, ரீ.எஸ்.எச். ஏறுவது அதனால். அந்தக் கட்டளையோடு புரோலக்ரினும் தூண்டப்படலாம். அது கூடினால் சூலகத்துக்குப் போகிற செய்தி குழம்பும், சூல் வெளியேறாமல் விடும். சூல் வெளியேறாத மாதத்தில் புரோஜெஸ்தரோன் இல்லை. கருப்பையின் உட்படலம் கட்டுப்பாடில்லாமல் தடித்து, நினைத்த நேரத்தில் துண்டு துண்டாகக் கழலும். போதாததற்கு, தைரொயிட் குறைவு இரத்தத்தை உறைய வைக்கும் சில பொருட்களையும் குறைத்துவிடும். ஆகவே பிந்தி வரும், வந்தால் நிற்காது. சுரப்பியை எடுத்தது காரணமில்லை ரீச்சர், எடுத்த இடத்தை நிரப்பப் போட வேண்டிய மருந்து உள்ளுக்குப் போகாததுதான் காரணம் என்றார். அளவு சரியாக இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு மாதவிடாய் பழைய ஒழுங்குக்கு வந்துவிடும். ஆனாலும் இந்த வயதில் எல்லாவற்றையும் தைரொயிட்டின் தலையில் கட்டக்கூடாது என்று ஸ்கானுக்கும் எழுதினார். அதில் ஒன்றும் இல்லை.

அம்புக்குறிகள் நேர்த்தியாக இருந்தன. "வடிவாப் படிச்சிருக்கிறீர்" என்றேன், கெட்டுப்போன என் கௌரவத்தில் மிச்சமிருந்ததைப் பொறுக்கிக்கொண்டு.

"அகஞ்சுரக்கும் சுரப்பி நீங்கள் படிப்பிச்சது ரீச்சர். மாதவிடாய்ப் பாடத்தைத்தான் வீட்டில வாசிக்கச் சொல்லிப்போட்டீங்கள்."

நக்கல் இல்லாமல்தான் சொன்னார். அதுதான் கூடச் சுட்டது.

அதன் பிறகுதான், எல்லாம் நடந்து முடிந்த பின், படிக்க வேண்டியதைப் படித்தேன். சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் தியோடர் கொக்கர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், கழுத்துக் கழலையை வெட்டுவதென்றால் சாவு என்றிருந்த காலத்தில் அதைப் பாதுகாப்பான சத்திரசிகிச்சையாக்கியவர். 1874இல் ஒரு சிறுமியின் தைரொயிட்டை முழுதாக எடுத்தார். காயம் அழகாக ஆறியது. வருடங்கள் கழித்துப் பார்த்தால், அவளைவிட இளைய தங்கை வளர்ந்து குமரியாகியிருக்க, இவள் கட்டையாக, முகம் உப்பி, மந்தமாக நின்றாள். கொக்கர் தன் பழைய நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். முழுச் சுரப்பியும் எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் அதே கோலம். 1883இல் அதை மறைக்காமல் சபையில் எடுத்துச் சொன்னார்; இனி முழுதாக எடுக்க மாட்டேன் என்றும் சொன்னார். 1909இல் நோபல் பரிசு கிடைத்தது. தன் கைப்பிழையை ஊரறியச் சொன்னவருக்கு நோபல் பரிசு. கூடப் போகிறது என்பதை ஒரு டொக்டரிடம் சொல்ல எனக்கு ஒரு மிஸ்ஸி தேவைப்பட்டா.

இன்னொன்று, என்னை நிமிர்ந்து இருக்க வைத்தது. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜோர்ஜ் மர்ரே என்ற இளம் டொக்டர், தைரொயிட் செயலிழந்து வீங்கிப்போயிருந்த 46 வயதுப் பெண் ஒருவருக்குச் செம்மறியாட்டின் தைரொயிட் சாற்றை ஊசியால் ஏற்றினார். வீக்கம் வற்றியது, பேச்சுத் தெளிந்தது, களைக்காமல் நடந்தார். இவற்றோடு சேர்த்து, அந்தப் பெண்ணுக்கு மாதவிடாய் ஒழுங்காக வரத் தொடங்கியதையும் மர்ரே தன் குறிப்பில் எழுதியிருக்கிறார். விக்ரோறியா மகாராணி காலத்து ஆம்பிளை டொக்டர் கேட்டிருக்கிறார், அந்த மனிசியும் வாய் திறந்து சொல்லியிருக்கிறார். அவர் 74 வயது வரை இருந்தார். அதுவரை அவர் உட்கொண்ட சாற்றுக்கு 870 செம்மறியாடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டதாகக் கணக்கு. நான் இவருக்கு இதை வாசித்துக் காட்டினேன். "இறைச்சியை என்ன செய்தவையாம்?" என்று கேட்டார்.

இப்போது குளிசை தனியே, ஒரு குவளை பச்சைத்தண்ணீரோடு. அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி இல்லை. வாழ்க்கையில் மிக நீளமான மணித்தியாலம் அது. இவர் வேண்டுமென்றே அந்த நேரத்தில் எனக்கு முன்னால் உறிஞ்சிக் குடிப்பார். இரும்புச்சத்து மத்தியானம், கல்சியம் இரவு. ரீ.எஸ்.எச். இறங்கச் சில மாதம் எடுத்தது. மாதவிடாயும் அவசரப்படாமல், தவணை தவணையாகத்தான் வழிக்கு வந்தது. அம்மாவைக் கேட்டால் எல்லாம் கோவாவை விட்டதால் வந்த சுகம். கூழுக்குள் மரவள்ளி திரும்பி வந்துவிட்டது.

சுகம் வந்த பிறகு என் வாயைக் கட்டுப்படுத்த ஒருவராலும் முடியவில்லை. ஆசிரியர் அறையில் ஊசி விழுந்தாலும் தைரொயிட் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கதிரை ரீச்சர் ஒருநாள் வெளிறிப்போய் வந்து இருந்தா. இன்னும் கூடத்தான் போகிறதாம். "நான் சொல்லுறன், உமக்கு இது தைரொயிட்தான்" என்றேன்.

"போன வருசம் வயசுக்கோளாறு எண்டனீங்கள். எள்ளுருண்டை சாப்பிடச் சொன்னனீங்கள்."

"அது அப்ப. நாளைக்கே போய் ரீ.எஸ்.எச். பாரும்."

பார்த்தா. தைரொயிட் துல்லியமாக இருந்தது. நல்ல காலத்துக்கு அவவுடைய டொக்டர் என்னைப் போல அங்கேயே நிற்காமல் ஸ்கானும் எடுத்துப் பார்த்தார். கருப்பையில் நார்க்கட்டி.